ஒரு வருஷம் செல்லும் டிக்கெட்

என் தாயி கோமதிக்கு,

உன் மதினி எழுதுகிறேன். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்த தெய்வானை. உன்னிடமே நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கிறதே என்று நீ சிரிப்பாய். இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை, அதனால்தான். மேற்கு மாம்பலத்தில் நம் தெரு மாதர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை நாலு வரும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்கள், பாவம்.

வருகிற ஞாயிறு உனக்கு முதல் வருஷத் திதி. தூத்துக்குடியிலிருந்து உன் தம்பி சண்முகம் வருகிறான். உன் படத்துக்குச் சந்தன மாலை வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தேன். 'எதற்கு மதினி? கூடப்பிறந்தவன் என்று மதித்து அவள் எனக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? பிடிவாதம் பிடித்தே செத்தாள்' என்று பதில் போட்டிருக்கிறான். கடிதத்தில் உன் பெயரைக்கூட எழுதவில்லை. 'அவள்' என்றுதான் எழுதியிருக்கிறான்.

நீ போன பிறகு அந்தப் பேச்சுதான் நிலைத்துவிட்டது, கோமதி. உலகம் சுற்றும் பைத்தியத்தில் நோயை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்து போய்ச் சேர்ந்தாள் என்று. உன் ஆபீசில் அப்படித்தான் சொல்கிறார்கள், தெருவிலும் அப்படித்தான். என்னிடம் வந்து சொல்லும்போது நானும் தலையை ஆட்டினேன். ஒரு வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன். நீ மறைக்கவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நீ, போய்விட்டாய். மிச்சம் இருப்பவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்கினால் இது சரியாக வரும்? மீனம்பாக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

அறுபத்தெட்டில் மாடி வீட்டுப் பையன் சிகாகோவுக்குப் படிக்கப் போனான். தெருவே இரண்டு டாக்சியில் மாலையோடு கிளம்பியது. உன் அண்ணன் இறந்து மூன்று வருஷம் ஆகியும் நான் ஒரு நல்லது கெட்டதுக்குப் போனதில்லை. நீதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அங்கே எல்லாரும் பையனைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்க, உன்னை மட்டும் காணோம். நீ டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் நின்று பேசிக்கொண்டிருந்தாய். திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"மதினி, உலகத்தையே சுத்தி வர ஒரே டிக்கெட் இருக்காம். எங்க வேணுமோ எறங்கிக்கிடலாமாம். ஒரு வருஷம் செல்லுமாம்."

ஏதோ நல்ல புடவை தள்ளுபடியில் கிடைத்த மாதிரி சொன்னாய். உனக்கு அப்போது முப்பத்தாறு வயசு. தேனாம்பேட்டையில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணப் பேச்சு எல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. நான் முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள். நமக்கு உலகம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம்.

ராயப்பேட்டையில் ஹஜ் யாத்திரைக்காரர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் கரீம் பாயைத் தேடிப் பிடித்தோம். நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, ரோஜாப்பூ படம் போட்ட தம்ளரில் டீ வரவழைத்தார்.

"டிக்கெட்டு இங்க ரூபாய்ல வாங்கிக்கலாம்மா. ஆனா காசு எடுத்துக்கினு போவ முடியாது. ஆளுக்கு எட்டு டாலரு, அவ்ளோதான் சர்க்கார் உடும். தங்கறது, துன்றது அல்லாம் எங்க செலவுன்னு அங்க கீறவங்க லெட்டர் குடுக்கணும்" என்றார்.

எட்டு டாலரில் ஒரு வருஷம்! பிறகு அதைக் கொஞ்சம் கூட்டினார்கள் என்றாலும் நம் கணக்கு அப்போதே மாறிவிட்டது. ரூபாய் எல்லாம் டிக்கெட்டோடு முடிந்தது. மிச்ச பட்ஜெட் முழுக்க வீட்டுக் கணக்கு. எந்த ஊரில் யார் வீடு, அங்கே எத்தனை நாள். மலேசியாவில் ஈப்போவில் உன் பெரியம்மா வழிச் சொந்தம் ஒன்று இருந்ததால் ஈப்போ சேர்ந்தது. பிஜித் தீவில் சுவா என்று ஒரு ஊர் இருப்பதே எனக்குத் தெரியாது, அங்கே ரங்கநாதன் தெருப் பாத்திரக்கடைக்காரரின் மைத்துனர் இருந்தார், சுவா சேர்ந்தது. பாரிஸில் நமக்கு ஆளில்லை, அதனால் நம் உலகத்தில் பாரிஸ் இல்லை. ஜப்பானும் அப்படியே விழுந்துபோயிற்று. நீ அட்லஸில் பாரிஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஒரு ஆத்மாகூடவா மதினி இங்க இல்ல?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

பணம் கொண்டு போக முடியாதென்றால் வெறுங்கையோடு ஒருத்தர் வீட்டில் போய் இறங்க முடியுமா? ஆளுக்கு இருபது கிலோ சாமான்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். குளிர்த்துணி எட்டு கிலோ என்று நிறுத்து வைத்தாய். மீதி எல்லாம் அப்பளம், வற்றல், புளிக்காய்ச்சல், காப்பிப் பொடி. லண்டன் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ, சிகாகோ பையனுக்கு இரண்டு, நைரோபிக்கு முக்கால். நைரோபிக்கு ஏன் முக்கால் என்று நான் கேட்டேன். அவர்கள் பதில் எழுத ஒன்பது மாசம் ஆக்கினார்கள் என்றாய்.

தெருவில் நம்மைக் கேலி பண்ணாதவர்கள் யார்? பால்காரம்மா தினம் ஒரு வார்த்தை சொல்லாமல் பால் ஊற்ற மாட்டாள். "இன்னாம்மா, அண்ணியும் நாத்தனாரும் ஒண்ணா ஒலகம் சுத்தப் போறீங்களாமே? பாதி வழில சண்ட போட்டுக்கினு ஆளுக்கொரு பக்கம் பூடாதீங்க" என்பாள். நாம் சண்டை போட்டோம் என்றால் அது ஒரே ஒரு தடவைதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபத்திரண்டிலேயே பணம் சேர்ந்துவிட்டது. இதை யாரும் நம்ப மாட்டார்கள். உன் கல்யாணத்துக்கென்று உன் அம்மா சேர்த்து வைத்த நகையை நீ ஒரு பெருமூச்சு விடாமல் விற்றாய். நான் தையலில் சேர்த்ததும், உன் அண்ணன் இன்ஷூரன்ஸ் பணமும் இருந்தன. பனகல் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே நீ கேட்டாய்.

"ரெண்டு மாசம் போயிட்டு வந்துருவமா மதினி? ரெண்டு மாசத்துக்கு லீவு இருக்கு. அஞ்சு வீடு போதும். வர்ற சித்திரையில கெளம்பிரலாம்."

நான் என்ன சொன்னேன்?

"ஏட்டி, உனக்குப் புத்தி இருக்கா? டிக்கெட் ரெண்டு மாசத்துக்கும் அதே வெல, ஒரு வருஷத்துக்கும் அதே வெல. ஒரு வருஷம் செல்லுற டிக்கெட்ட வாங்கிட்டு எந்த மடச்சி ரெண்டு மாசத்துல திரும்பி வருவா? பத்து மாசத்த யாருக்கு விட்டுக் குடுக்கிறது?"

நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். பார்க்க வேண்டியதைப் பார்த்தால் போதாதா என்றாய். ஒரு வருஷம் என்றால் வீடு போதாது, ஒரு வீட்டில் ஐம்பது நாள் இருந்தால் சொந்தத் தங்கச்சியே விரட்டுவாள் என்றாய். அப்படியானால் இன்னும் வீடு பிடி என்றேன். கடலைப் பொட்டலத்தைக் கசக்கி எறிந்துவிட்டு முன்னால் நடந்தேன். நீ பின்னால் வந்தாய். மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது, "சரி மதினி, வருஷம் முழுக்கவே போவோம்" என்றாய். நான் ஜெயித்துவிட்டேன்.

என் மாதிரி ஆட்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும், கோமதி. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு நூல்கூட வீணாகக் கூடாது என்று துணியைக் குறுக்கிக் குறுக்கி வெட்டுகிறவள் நான். ஆறு மீட்டர் புடவையில் ரவிக்கைத் துணி போக ஒரு கைக்குட்டைக்கும் இடம் பார்ப்பேன். நாளையும் அப்படித்தான் வெட்டினேன். அந்தச் சித்திரையில் நாம் கிளம்பியிருந்தால் நீ உலகத்தைப் பார்த்திருப்பாய். கிளம்பியிருந்தால் லீவு சேர்க்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

அதற்கப்புறம் எல்லாம் லீவுக்குப் பிறகுதான். முன்பு உன் அண்ணன் படுத்துக் கிடந்த வருஷம், இருந்த லீவையெல்லாம் போட்டு என்னோடு கூட உட்கார்ந்து அவரைப் பார்த்தாய். என் புருஷனுக்காக உன் கணக்கு சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். முழுச் சம்பள லீவு ஓர் எல்லைக்கு மேல் சேராதாம். சம்பளமில்லாமல் போட்டால் சர்வீஸில் அடிபடும் என்று பயந்தாய். மீதியை அரைச் சம்பள லீவில்தான் நிரப்ப வேண்டும், அதுவோ வருஷத்துக்கு இருபது நாள்.

உன் ஆபீசில் லீவு கணக்குப் பார்க்கும் வரதன் ஒரு நாள் மயிலாப்பூர் குளத்தருகே நம்மைப் பார்த்தபோது இதை எனக்கு விளக்கினார். "டாக்டர் சீட்டு குடுத்துண்டு ஒரு நாள் முழுச் சம்பளத்தோட ஆத்துல படுத்துண்டா, அரைச் சம்பளக் கணக்குல ரெண்டு நாள் கழிஞ்சுடும் மாமி. அதான் ரூல். உங்க நாத்தனார் நூறு டிகிரி ஜுரத்தோட வந்து உக்காந்திருக்கா. நீங்களாவது சொல்லப்படாதோ?" என்றார்.

நான் சொன்னேன். வீட்டுக்கு வந்து உனக்குச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஒரு நாள் ஜுரத்துக்கு ரெண்டு நாள் உலகம் போயிரும்ட்டி, பல்லைக் கடிச்சிக்கிட்டுப் போயிட்டு வா" என்று சொன்னேன்.

நீ போனாய். மாம்பலம் மார்க்கெட்டில் கால் பிசகி வீங்கிய வாரமும் போனாய். அம்மை வார்த்தபோது மட்டும் ஆபீசே உள்ளே விடாது என்று பதினைந்து நாள் கிடந்தாய். முப்பது நாள் போயிற்றே என்று நான்தான் கடுகடுவென்று இருந்தேன். உனக்கு வேப்பிலை தடவிக்கொண்டே இருந்தேன், முகம் மட்டும் அப்படி இருந்தது. நீ அதைக் கவனித்திருப்பாய்.

நாலு வருஷத்தில் பதினொரு வீடு சேர்த்தோம். கல்யாண வீடுகளில் வெளிநாட்டுக்காரர் யார் என்று நீ மோப்பம் பிடித்துவிடுவாய். டிசம்பர் மாசத்தில் தி.நகர் ஜவுளிக்கடையில் நைலக்ஸ் புடவை எடுக்க வருகிற லண்டன் நர்ஸ் பெண்ணோடு பேச்சுக் கொடுத்து, அவள் வீட்டு விலாசத்தையே வாங்கி வந்தவள் நீ. வரதன் உதவியோடு கணக்குப் போட்டுப் பார்த்ததில் எழுபத்தேழு சித்திரையில் உனக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாள் முழுசாகச் சேரும் என்று வந்தது. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

இனி எழுதப் போவதை நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தாறு மாசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குளிருக்கென்று உனக்கு முழுக்கை வைத்த ரவிக்கைகள் வெட்டுவதற்காக அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். என் வாயில் குண்டூசி இருந்தது. நீ சாதாரணமாகச் சொன்னாய்.

"மதினி, இங்கன ஒரு கட்டி மாதிரி இருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இடது மார்பில், ஓரமாக, புளியங்கொட்டை அளவு. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாய். வலி இல்லை என்றால் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

"லஸ் டாக்டரம்மாட்ட ஒரு தடவ காட்டிருவமா?" என்று நீ கேட்டாய். நீதான் கேட்டாய், கோமதி. ஊரே படிக்கட்டும்.

"காட்டினா ஆஸ்பத்திரிக்குப் போம்பா. அறுக்கணும்பா. ஒரு மாசம் படுத்தேன்னா அறுபது நாள் போச்சு. சேத்ததெல்லாம் பாழாயிரும்ட்டி. இன்னும் ஒரு வருஷந்தானே? போயிட்டு வந்து காட்டிக்கிடலாம்."

குண்டூசியை வாயிலிருந்து எடுக்காமலேயே இதைச் சொன்னேன். நீ தூக்கிய கையை இறக்காமலே, "சரி மதினி" என்றாய். நான் அளவை எழுதிக்கொண்டேன்.

ஆடியில் அந்த ரவிக்கை இடது பக்கம் பிடிக்கிறது என்றாய். ஒரு பக்கம் மட்டும் கால் அங்குலம் பிரித்துவிட்டேன். கார்த்திகையில் இன்னொரு கால் அங்குலம். உடம்பு பெருத்தால் இரண்டு பக்கமும் அல்லவா பிடிக்கும்? இருபது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்கு அளவெடுக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. பயமாகவும் இருந்தது. வாயைத் திறந்தால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தை மாசம் உன்னால் இடது கையைத் தூக்கிப் பின்னல் போட முடியவில்லை. அப்போதுதான் லஸ்ஸுக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சத்தம் போட்டார்.

"படிச்சவதானேம்மா நீ? இத்தனை நாளா இதை வச்சுண்டு என்ன பண்ணிண்டிருந்தே? ஆத்துல யாருக்குமே தெரியாதா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மேஜைக்குக் கீழே உன் கை என் முழங்காலை அழுத்தியது.

"யார்ட்டயும் சொல்லல டாக்டர். மதினிக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றாய்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "ஒரு ஆளு ஏச்சு வாங்கினா போதாதா மதினி? ரெண்டு பேரும் வாங்கணுமா?" என்றாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அப்புறம் அடையாற்றில் ஆஸ்பத்திரி. சித்திரைக்கு வைத்திருந்த லீவு தையிலேயே தொடங்கியது. வரதன் காகிதங்களை எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நீ அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். முழுச் சம்பளம், அரைச் சம்பளம் எல்லாம் சட்டப்படி உனக்குக் கிடைத்தது. நான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்ன வருஷம் கட்டிலில் கிடைத்தது. அதிலும் ஏழு மாசம்தான் செலவழித்தாய். மிச்ச நாள் காலாவதியாகிவிட்டது என்று ஆவணியில் வரதன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் நீயாக ஒரு தடவைகூடப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நான்தான் வெட்கமில்லாமல் பேசினேன். உடம்பு தேறட்டும், கரீம் பாயிடம் சொல்லித் தேதியைத் தள்ளி வைக்கலாம், ஆறு மாசத்துக்காவது போகலாம் என்றேன். நீ சிரித்தாய். சிரிக்கும்போது வலித்தது போலிருக்கிறது, கையை வைத்துக்கொண்டாய்.

"இப்ப ரெண்டு மாசம்னா ஒத்துக்கிடுவீங்களா மதினி?"

நீ கேலியாகத்தான் கேட்டாய். எனக்குத் தெரியும், உன்னிடம் விஷம் கிடையாது. ஆனால் அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சமையல் செய்யும்போதும், ரயில்வே கேட்டில் நிற்கும்போதும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன் தாயி. இரண்டு நாள் என்றாலும் ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே உள்ள சேதி கேட்கிறாயா? டிக்கெட்டுக்கு நாம் கட்டியிருந்த முன்பணத்தைக் கரீம் பாய் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பைசா பிடித்துக்கொள்ளவில்லை. "நீங்க ஒர்த்தராவது போய்ட்டு வாங்கம்மா. அந்தம்மா ரூஹு சந்தோசப்படும்" என்றார். ரூஹு என்றால் ஆத்மாவாம். மாடி வீட்டம்மாவும் உன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய் எல்லா ஊரையும் காட்டிவிட்டு வரச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. படத்துக்கு எதற்கு சிங்கப்பூர்? பணத்தை வங்கியில் போட்டுவிட்டேன், அது கிடக்கிறது. எனக்கு எங்கேயும் போக வேண்டாம்.

பதினொரு வீட்டுக்கும் எழுதினேன். எல்லாரும் பதில் போட்டார்கள், நைரோபிக்காரர்கள்கூட உடனே போட்டார்கள். 'உங்களுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருந்தோம்' என்று சுவாவிலிருந்து எழுதியிருந்தார்கள். நாம் பார்த்திராத மனுஷர்கள். அந்தக் கடிதத்தை என்னால் முழுசாகப் படிக்க முடியவில்லை.

இப்போது அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் கட்டி கிட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு தையல்காரியிடம் போய்விட்டார்கள். இரண்டு பேர் டாக்டரிடம் போய்க் காட்டினார்கள். ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்கள். சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படித்தான் ஆகிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நீ லஸ்ஸிலேயே மன்னித்துவிட்டாய், அதுதான் என்னைத் தின்கிறது. நீ ஏச்சு வாங்கிக்கொண்டது டாக்டரம்மாவிடம் மட்டும் என்று நினைத்திருப்பாய். செத்த பிறகும் வாங்கிக்கொண்டிருப்பாய் என்று உனக்குத் தெரியாது. உன் தம்பி உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறான், கோமதி. அவனைத் தூக்கி வளர்த்தவள் நீ. அவள் என்னை நம்பவில்லை என்று நினைத்து அவன் வெந்துகொண்டிருக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே நான் அவனுக்கு இலை போட முடியாது.

எனக்கென்று இருக்கிற சொந்தம் அவன் ஒருத்தன்தான். தீபாவளிக்கு மணியார்டர் அனுப்புகிறவன், முடியாமல் போனால் வந்து நிற்கப் போகிறவன் எல்லாம் அவன்தான். சொன்ன பிறகு அவன் இந்த வாசலை மிதிப்பானா என்று தெரியவில்லை. நானாக இருந்தால் மிதிக்க மாட்டேன்.

திதி முடிந்து, சாப்பாடு ஆன பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். அது சரியில்லை. எல்லாம் தெரிந்த பிறகு, இவள் கையால் சாப்பிட்டுவிட்டோமே என்று அவன் கூசிப்போவான். ஆகவே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஐயர் வருவதற்கு முன், அவன் பையைக் கீழே வைத்ததும் சொல்லிவிடுகிறேன். கட்டியை நீ எனக்குக் காட்டினாய், டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாய், நான்தான் வேண்டாம் என்றேன் என்று அந்த மூன்றையும் அப்படியே சொல்வேன். அழுது மழுப்ப மாட்டேன். இந்தக் காகிதத்தைச் சங்கத்தில் கொடுப்பதும் அதற்கப்புறம்தான். இதை அவன் அச்சில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அவன் உன் திதியை மட்டும் முடித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூட வாங்காமல் போனாலும் போகட்டும். போகும்போது உன்னை அக்கா என்று சொல்லிக்கொண்டு போவான் அல்லவா, அது போதும்.

இது சத்தியம். இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிப் போட மாட்டேன்.

என்னைக் கூப்பிடும் சொல் அவன் வாயில் இனி வருமோ வராதோ, நீ கடைசி வரைக்கும் என்னைக் கூப்பிட்டபடியே போட்டுக்கொள்கிறேன்,

உன் மதினி
தெய்வானை